தலை நுழைந்த எழுத்து

அச்சிலிருந்து முதல் எழுத்தைப் பிரித்தெடுத்த அன்று காலை சுழிக்குத் தலைகால் புரியவில்லை. மாடியிலிருந்து பட்டறைக்கு ஓடி வந்தவள், ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் அக்காவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால், தனக்கு வேறு ஜோடி தேடப் போனாள். பட்டறையின் நடுவே மாமா ரப்பர் சுத்தியலால் அச்சைச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட, உள்ளேயிருந்து 'அ' முனகியபடி கழன்று வெளியே வந்தது. ஆளின் மார்பளவு உயரம். எங்கே தொட்டாலும் உருண்டை. மூலை என்று மருந்துக்கும் ஒன்று இல்லை.

சுழி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தடவினாள், கட்டிப்பிடித்தாள், கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ரெசின் பசையின் வாடை மூக்கைத் துளைத்ததை அவள் பொருட்படுத்தவே இல்லை. இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டர் திரைக்குள் மட்டும் இருந்த ஒன்று, தட்டினால் டொக் டொக்கென்று பதில் சொல்லிக்கொண்டு எதிரே வந்து நின்றால் யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது?

இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுருட்டை முடிக்காகவும் சேட்டைக்காகவும் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் சுழி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் பெயர் அவளுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. தொழில், எழுத்துரு வரைவது. கம்ப்யூட்டரில் நாம் தட்டியதும் வந்து நிற்கிறதே எழுத்து, அதையெல்லாம் யாரோ உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. அந்த யாரோக்களில் இவளும் ஒருத்தி. மாத்திரை அட்டையில் பொடிப்பொடியாக ஓடும் எழுத்து, மின்கட்டண ரசீதில் விறைப்பாக நிற்கும் எழுத்து எல்லாம் இவள் கைவேலைதான். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு என்று அவள் தனியாக ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். அதன் பெயர் கொழுகொழு.

பெயரே சொல்லிவிடும். பிறந்ததிலிருந்து ஒருவேளை சாப்பாட்டைக்கூடத் தவறவிடாத எழுத்துகள் அவை. கால் தடியாக, கை தடியாக, நுனியெல்லாம் மழுங்கி, பக்கத்து எழுத்தின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். அவ்வளவு தடிமனுக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைகளில்தான் சுழி உயிரையே வைத்திருந்தாள். ஓட்டைதான் எழுத்துக்கு மூச்சு, அதை அடைத்தால் எழுத்து செத்துவிடும் என்பாள். யார் பார்த்தாலும் கொழுகொழுவை அழகாக இருக்கிறது என்பார்கள். உடனே, ஆனால் இதை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்பார்கள். பத்திரிகைக்காரர்கள் இடத்தை அடைக்கிறது என்றார்கள். பாடப்புத்தகக்காரர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பில் பயம் போய்விடும் என்றார்கள், அது ஏதோ கெட்ட விஷயம்போல. ஒரே ஒரு பிஸ்கட் கம்பெனி மட்டும் கொஞ்ச நாள் உறையில் போட்டுப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பழைய எழுத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

அந்தக் கொஞ்ச நாள் போதுமானதாக இருந்தது. புதிதாகக் குழந்தைகள் பூங்கா கட்டும் குழுவின் செயலாளர் வீட்டில், அந்த உறையைக் குப்பையில் போட விடாமல் அவருடைய மகள் அழுதிருக்கிறாள். செயலாளர் விசாரித்து, தேடி, சுழியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். மணல் தொட்டியின் நடுவே ஏறி விளையாட எதையாவது வைக்க வேண்டும், எழுத்துகளையே வைத்தால் என்ன என்றார். உயிரெழுத்து பன்னிரண்டும் செய்து தருவதாகச் சுழி அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டாள். எதில் செய்வது, எப்படிச் செய்வது, ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா வீட்டுக்காரருக்குப் பைபர் பட்டறை இருப்பது தெரியும்.

மாமா துணிக்கடை பொம்மை செய்வார், குப்பைத்தொட்டி செய்வார், தண்ணீர்த் தொட்டி செய்வார். எல்லாவற்றையும்விட அதிகமாக யானைச் சறுக்குமரம் செய்வார். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அவருடைய யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்கும். மச்சினி எழுத்து வேண்டும் என்று வந்து நின்றபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

"யானை செஞ்சு செஞ்சு எனக்கே தும்பிக்கை முளைச்சிரும்போல இருக்கும்மா," என்றார் மாமா. "குடு, எதையாச்சும் புதுசா செய்வோம்."

அன்றிலிருந்து பட்டறையே எழுத்தாக மாறிப்போனது. தெர்மோகோல் பாளங்களை ஒட்டி, சூடான கம்பியால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உருவம் எடுத்தார்கள். அதன்மேல் அச்சு. அச்சுக்குள் பைபர் நாரும் ரெசினும். சுழி ஒவ்வொரு வளைவுக்கும் மாமாவோடு மல்லுக்கு நின்றாள். இங்கே ஒரு நூல் கூடுதல், அங்கே அரை நூல் குறைவு என்று அவள் விரலை வைத்துக் காட்டினால், மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழந்தை இதில் ஏறி உட்காரப்போகிறதா அல்லது அளவெடுக்கப்போகிறதா என்று கேட்பார். கேட்டுவிட்டு அரை நூலைத் தேய்த்தும் கொடுப்பார். அக்கா பெயிண்ட் வேலையை எடுத்துக்கொண்டாள். 'ஐ'க்கு மஞ்சளா ஆரஞ்சா என்று இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். 'ஈ'யின் இரண்டு புள்ளிகளும் தனித்தனி உருண்டைகளாக, உட்கார்ந்துகொள்ளத் தோதாக வந்தபோது மூன்று பேரும் ஆளுக்கொரு முறை உட்கார்ந்து பார்த்தார்கள். அக்கா இரண்டு முறை.

பன்னிரண்டும் முடிந்து வரிசையாக நின்றன. பூங்காவைத் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் சோதனை மேடம் வந்தார்.

பூங்காவில் வைக்கும் எந்தச் சாமானையும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அது மாமாவுக்குத் தெரியும், யானைக்கும் அப்படித்தான். யானையை அவர்கள் தட்டிப்பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்பதால் அவர் இதையும் பெரிதாக நினைக்கவில்லை. வந்தவர் சின்ன வயதுப் பெண். அனாவசியமாக ஒரு வார்த்தை பேசவில்லை, டீயும் வேண்டாம் என்றுவிட்டார். தோள்பையிலிருந்து கைப்பிடி வைத்த இரண்டு மரக்கட்டைகளை எடுத்தார். ஒன்று சின்னது, மற்றது பெரியது. நேரே 'அ'விடம் போய், சின்னக் கட்டையை அதன் ஓட்டைக்குள் விட்டார். நுழைந்தது. பெரிய கட்டையை விட்டார். நுழையவில்லை. குறித்துக்கொண்டு 'ஆ'விடம் போனார்.

சுழி அவர் பின்னாலேயே பெருமையாக நடந்துகொண்டிருந்தாள், ஏதோ கண்காட்சிக்கு வந்த விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுவதுபோல. 'ஓ' வந்தபோதுதான் மாமாவின் முகம் மாறியிருப்பதைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த மேடம், 'ஈ' ஒன்று மட்டும் சரி, மற்ற எதையும் வைக்க முடியாது என்றார்.

சுழிக்கு முதலில் விளங்கவில்லை. மேடம் இரண்டு கட்டைகளையும் அவள் கையில் கொடுத்தார். சின்னது குழந்தையின் உடம்பு, பெரியது குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் சிக்காமல் வெளியே வர வேண்டிய அளவு என்றார்.

"உடம்பு போற ஓட்டையில தலையும் போகணும். இல்லன்னா உடம்பே போகக் கூடாது. நடுவுல இருக்கிற அளவுதான் ஆபத்து. காலை விட்டு வழுக்கிட்டுப் போன குழந்தை தலையில தொங்கும்," என்றார் மேடம்.

சுழியின் ஓட்டைகள் எல்லாம் அந்த நடு அளவுதான். ஒன்றுகூடத் தப்பாமல் அந்த அளவு. எந்த அளவில் இருந்தால் எழுத்து சிரிக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவள் கண்டுபிடித்த அளவு. ஓட்டையைப் பெரிதாக்கினால் கை கால் மெலிந்து மின்கட்டண ரசீது எழுத்தாகிவிடும். அடைத்துவிட்டால் எழுத்தே இல்லை, வெறும் மூட்டை. அதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டார். இந்த எழுத்துகள் வராவிட்டால் பூங்காக் குழு வேறு ஏற்பாட்டுக்குப் போய்விடும், அந்த வேறு ஏற்பாடு யானைதான், அது பட்டறையின் பின்புறம் பெயிண்ட் அடித்துத் தயாராகவே நிற்கிறது என்று மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.  கொழுகொழுவைக் கேட்டு ஒருவர் வீடு தேடி வந்தது இதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை வரும் என்று நம்ப அவளிடம் காரணம் ஒன்றும் இல்லை.

அவள் செய்த காரியத்தை இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது அவளுக்கு அது மறுக்க முடியாத வாதமாகத் தோன்றியது. அவ்வளவு சின்ன ஓட்டையில் யாரும் தலையை விட மாட்டார்கள், அப்படியே விட்டாலும் விட்ட மாதிரியே எடுத்துவிடலாம் என்றாள். "பாருங்க," என்று சொல்லிக்கொண்டே, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து 'அ'வுக்குள் விட்டாள்.

தலை நுழைந்தது. நல்ல வழவழப்பான வேலை, மாமா உள்பக்கமும் தேய்த்திருந்தார். சுழி மறுபக்கத்திலிருந்து சிரித்தாள். பிறகு தலையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை. காது மடங்கியது, தாடை இடித்தது. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அக்கா சோப்புத் தண்ணீர் எடுக்க ஓடினாள். ஓடிக்கொண்டே, நாற்பதை நெருங்கும் பெண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று திட்டினாள். சோப்புத் தண்ணீர் கண்ணில் இறங்கியதே தவிர வேறு பலன் இல்லை. மாமா ரம்பத்தை எடுத்தார். ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டதும் உள்ளேயிருந்து சுழி கத்தினாள்.

"எழுத்தை வெட்டாதீங்க மாமா."

"அப்ப கழுத்தை வெட்டவா?" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சுழி அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். வலியால் அல்ல. காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கைகள் எழுத்தின் இந்தப் பக்கம், கண்கள் அந்தப் பக்கம். தன் கை என்ன செய்கிறது என்று தனக்கே தெரியவில்லை. கால் தரையில் இருக்கும்போதே இப்படி என்றால், கால் எட்டாத ஒரு குழந்தைக்கு என்று நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.  தான் வரைந்த கோடு ஒன்று ஒருவரை இப்படிப் பிடித்துவைக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மேடம் மறுபக்கம் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயப்படாதீங்க, போன வழியிலேயே வரணும், அவ்வளவுதான் என்றார். தாடையைக் கழுத்தோடு ஒட்டச் சொல்லி, தலையை மெதுவாக வலப்பக்கம் சாய்த்து, ஒரு காதை விரலால் மடக்கித் தள்ளினார். பொசுக்கென்று தலை வெளியே வந்தது. சுழி பின்னால் போய் மாமாவின் மேல் விழுந்தாள்.

காது இரண்டும் தக்காளி நிறத்தில் இருந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, மேடம் சொன்னதுதான் சரி, எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுகிறேன் என்றாள். திறப்பு விழாவுக்கு முன்னால் மறுபடி ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். மேடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது டீ குடித்துவிட்டுப் போனார்.

அடைக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்பது பெரிய கேள்விக்குறிதான். மாமா கம்பி வலை போடலாம் என்றார். ஒன்றில் போட்டும் பார்த்தார்கள். கோழிக்கூடு என்று அக்கா ஒரே வார்த்தையில் கதையை முடித்தாள். சரி, அடைத்தே பார்ப்போம் என்று 'அ'வின் ஓட்டைக்குப் பின்னால் பலகையை வைத்து, உள்ளே பட்டி மாவைக் குழைத்து அப்பி மட்டமாக இழுத்துவிட்டார் மாமா. சுழி தள்ளி நின்று பார்த்தாள். அவள் பயந்தபடியேதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்ட முகம். எழுத்து இருந்த இடத்தில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மேடம்மேல் கோபப்பட முடியாது, குழந்தைகள்மேல் முடியாது, தன் தலைமேல் கோபப்படலாம், ஆனால் அது ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று நடந்து போய், காயாத பட்டியின் நடுவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. மாமா ஐயோ என்று தலையில் கை வைத்தார். கையை உருவிக்கொண்டு, கழுவுவதற்காகப் பட்டறையின் மறுகோடியில் இருக்கும் குழாய்க்குப் போனாள்.

குழாயடியில் நின்று தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள்.

'அ' அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

குத்திய இடத்தில் குழி. குழிக்குள் நிழல். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் அது குழியா ஓட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்து மூச்சு விட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை. சுழி குழாயை மூட மறந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், இன்னும் பின்னால் போய்த் தெருவில் நின்று பார்த்தாள், சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி அங்கே என்ன எழுத்து தெரிகிறது என்று கேட்டாள். அவர், அ, என்றார். வேறென்ன தெரியும் என்பதுபோல அவளைப் பார்த்துவிட்டுப் போனார். பட்டி அப்பிய கையோடு சுழி உள்ளே ஓடி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்காவின் புடவை போனது.

"இவ்வளவு நாளா ஓட்டைன்னு நினைச்சிட்டிருந்தேன்க்கா. நிழலு போதும்," என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் நடந்ததற்குப் பெயர் வேலை இல்லை, கூத்து. ஓட்டைகளையெல்லாம் அடைத்துக் குழியாக்குவது என்று முடிவானதும், எந்தக் குழி எவ்வளவு ஆழம் என்று கேள்வி வந்தது. நிழல் விழ வேண்டும், ஆனால் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது. மாமா முழங்கையால் அழுத்தினார், அக்கா உள்ளங்கையால் அழுத்தினாள், பக்கத்துக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்து முட்டியால் அழுத்தினார். 'ஒ'வின் பெரிய குழியை எதால் அழுத்துவது என்று யோசித்து, மேலே பாலித்தீன் விரித்து சுழி அதில் உட்கார்ந்தே விட்டாள். எழுந்து பார்த்தால் ஒரு குழந்தை உட்கார அளவெடுத்த நாற்காலி. ஓட்டைக்கு ஓட்டை குழியானதும் எழுத்துகளின் உடம்பு இன்னும் உப்பியது. மடிப்பு விழுந்த குழந்தைக் கைபோல 'இ' மூன்று இடத்தில் சுருங்கி நின்றது. இப்போதுதான் பேருக்கேற்ற எழுத்து என்று மாமா மார்தட்டிக்கொண்டார். குத்தியது தான்தான் என்பதைச் சுழி நினைவுபடுத்தியபோது, பட்டி குழைத்தது யார் என்று கேட்டார்.

சுழி மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் திருத்தினாள். ஒரு மயிரிழையைக்கூட மாற்ற மாட்டேன் என்று வருஷக்கணக்காகக் காவல் காத்த எழுத்தைத் தானே அழித்து அழித்து வரைந்தாள். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எரிச்சல் வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேடம் மறுபடி வந்தார். பையிலிருந்து இரண்டு கட்டைகளையும் எடுத்தார். பெரிய கட்டைக்கு வேலையே இல்லை. சின்னக் கட்டையை ஒவ்வொரு குழியிலும் வைத்துப் பார்த்தார். எங்கேயும் வழி இல்லை. விளிம்புகளை விரலால் தடவினார், எழுத்துகளை ஆட்டிப் பார்த்தார், 'ஔ'வின் மேல் ஏறி நின்று குதித்தார். சுழி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எல்லாம் சரி, வைக்கலாம் என்றார் மேடம். சொல்லிவிட்டு 'எ'யின் அருகே நின்று மாமாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை அவருடைய கை 'எ'யின் குழிக்குள்ளேயே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, சுழி கவனித்தாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

திறப்பு நாளன்று சாயங்காலம் பூங்காவின் கம்பிக் கதவுக்கு வெளியே குழந்தைகள் முட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே, மணல் தொட்டிக்குள் வட்டமாகப் பன்னிரண்டு எழுத்துகளும் பளபளவென்று நின்றன. சுழி, அக்கா, மாமா மூன்று பேரும் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். யார் வரைந்தது, யார் செய்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சுழி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பெரியவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. இன்றைக்கு அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். குழந்தைகளுக்கு இது வேண்டுமா, வேண்டாமா.

கதவு திறந்தது. குழந்தைகள் கூட்டமாகப் பாய்ந்து ஓடி வந்து, எழுத்துகளைத் தாண்டி, நேரே பின்னாலிருந்த ஊஞ்சலுக்குப் போனார்கள்.

ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை.  சுழி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.  ஊஞ்சலில் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் தோற்ற ஒரு பையன், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மணலை உதைத்தபடி திரும்பி வந்தான். வந்தவன் 'இ'யின் முன்னால் நின்றான். அண்ணாந்து பார்த்தான். பிறகு ஊஞ்சல் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினான்.

"டேய், இங்க என் பேரு இருக்குடா."

'இ'யின் மேல் ஏறிக்கொண்டு, குழிக்குள் காலை விட்டு, நில உரிமையாளன் தோரணையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். ஊஞ்சல்கள் ஆளில்லாமல் ஆடின. ஒவ்வொருவரும் தங்கள் எழுத்தைத் தேடி ஓடி வந்தார்கள். 'அ'வைப் பிடிக்க நாலு பேர், 'ஆ'வின் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர், 'உ'வின் வாலில் சறுக்கி மணலில் விழுந்து, சிரித்து, மறுபடி ஏறி. 'ஐ'யில் இடம் பிடித்தவள் யாரையும் கிட்டே விடவில்லை. சுழி அக்காவின் கையை நசுக்கினாள். அக்கா திருப்பி நசுக்கினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, அதை மறைக்க இரண்டு பேரும் முயலவும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் குழந்தையைச் சுழி பார்த்தாள். ஐந்து வயது இருக்கும். எழுத்து எழுத்தாக நடந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சுற்று முடித்துவிட்டு, விட்டுப்போயிருக்குமோ என்று இரண்டாவது சுற்றும் போனாள். பிறகு மணல் நடுவில் அப்படியே நின்று அழ ஆரம்பித்தாள். விசும்பல் இல்லை, வாய் திறந்த அழுகை.

சுழி வேலியை விட்டு ஓடினாள். விழுந்துவிட்டாயா, யாராவது தள்ளினார்களா என்று கேட்டாள். குழந்தை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"என் எழுத்து இங்க இல்ல."

"என்ன எழுத்து?"

"மானா. எல்லாரோடதும் இருக்கு, என்னோடது மட்டும் இல்ல."

அவளுக்குப் பின்னால் இன்னும் சில பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைச் சுழி அப்போதுதான் கண்டாள். எழுத்து வேண்டும் என்று செயலாளர் சொன்னார், உயிரெழுத்து பன்னிரண்டு என்று இவள் சொன்னாள். எத்தனை குழந்தைகளின் பெயர் மற்ற எழுத்துகளில் தொடங்கும் என்று இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற மாமாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். 

சுழிக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனையோ பேர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் எழுத்து வேண்டும் என்று அவளிடம் இதுவரை யாரும் அழுததில்லை.

முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஈர மணலை இரண்டு கையாலும் வாரிக் குவித்தாள். ஒரு கரை, அதை ஒட்டி வளைவாக இன்னொரு கரை, அந்தப் பக்கம் ஒன்று. மூலைகளைத் தட்டித் தட்டி உருட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்தாமலேயே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தானும் மணலைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கொழுத்த 'ம' வந்து உட்கார்ந்திருந்தது, நடுவில் அவள் அளவுக்கு ஒரு வயிற்றோடு. குழந்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து, அதற்குள் இறங்கி உட்கார்ந்தாள். முட்டியைக் கட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

"மாமா, நாளைக்கு எத்தனை மணிக்குப் பட்டறை திறப்பீங்க?" என்று கேட்டாள் சுழி, தலை நிமிராமலேயே.

 மாமா ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மணலில் இறங்கியிருந்தார். அவர் முன்னால் ஒரு பையன் நின்று, தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.